கடைசியாகக் கேட்ட நேரம்

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

போனில் கூப்பிட்டால் உன் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். உன் நகரத்து ஆபீஸ் விலாசம்தான் என்னிடம் இருக்கிறது. போய்ச் சேர்ந்தால் சேரட்டும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் படகோடு போய் அடுத்த மாதம் ஏழு வருடம் முடிகிறது. உடல் கிடைக்காதவர்களை ஏழு வருடம் கழித்துத்தான் இறந்தவர் என்று பதிவு செய்வார்களாம். மகள் அவள் இருக்கும் ஊரிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்கிறாள். "அந்தப் பேப்பரை முடிச்சிடும்மா. எத்தனை நாளைக்கு அப்பாவை ரெண்டுங்கெட்டானா வச்சிருப்பே?" என்று அவள் கேட்ட பிறகு படிவத்தை வாங்கி வந்தேன்.

நாலு பக்கம். பெயர், வயது, படகு எண் எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிவிட்டேன். ஒன்பதாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 'கடைசியாக உயிருடன் இருந்ததாக அறியப்பட்ட நேரம்' என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து காலை ஏழேகால். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயங்காலம் பிளேடு வாங்கணும், ஞாபகப்படுத்து" என்றார். ஆனால் படகில் அந்த மஞ்சள் பெட்டி இருந்ததே. ஆபத்து என்றால் செயற்கைக்கோளுக்குக் கூவிச் சொல்லும் பெட்டி. அது கூவியதால்தானே மதியம் ஒன்றரைக்கு மீட்புப் படகு கிளம்பியது. கவிழ்ந்த படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அன்று துறைமுகத்தில் இருந்த எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னது இதுதான்: "ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்மா. அவருக்கே தெரிஞ்சிருக்காது." ஏழு வருடமாக அந்த ஒரு நிமிடத்தின் மேல்தான் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன்.

பெட்டி எப்போது கூவ ஆரம்பித்தது, எப்போது நிறுத்தியது என்று உங்கள் பக்கம் பதிவு இருக்கும். பார்த்து எழுதி அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

அன்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது உன்னை நான் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய். அதை இப்போது பேச வேண்டாம்.

அண்ணி

---

ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நகரத்துக்குப் போய், அங்கே யாரோ மேலே ஒரு சீட்டு ஒட்டி இங்கே திருப்பிவிட்டு, நேற்றுத்தான் வந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கேன்டீன் சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், ஏழு வருஷமா உங்களுக்கு வர்றது பூரா ஜன்னல் வச்ச ஆபீஸ் கவருதான். இன்னைக்குத்தான் ஒரு மனுஷர் பேனாவால எழுதியிருக்காங்க" என்றார்.

நீங்கள் கேட்டதைப் பார்த்துவிட்டேன். காலை 11:08க்குத் தொடங்கி 11:14க்கு நின்றிருக்கிறது. ஆறு நிமிடம். அந்த வகைப் பெட்டி தண்ணீர் பட்டதும் தானாகவே இயங்கும், யாரும் தொட வேண்டியதில்லை. அதனால் துறைமுகத்தில் உங்களிடம் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அண்ணனுக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் இன்னும் காலையில் நீர் ஏற்ற இறக்க நேரத்தைத் துறைமுக ஆபீஸ் போர்டில் எழுதுகிறீர்களா? இங்கே என் வேலையும் பழையபடிதான். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை செயற்கைக்கோள்கள் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வரும். டிஷ்ஷை அதன் பக்கம் திருப்பி, அது தலைக்கு மேல் போகும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மேகப் படங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். அது இறங்கிவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். சில நாள் பகலிலேயே நிலா வெளிறிப்போய் டிஷ்ஷின் விளிம்பில் நிற்கும். அப்போது உங்கள் போர்டை நினைத்துக்கொள்வேன். நிலா வருடத்துக்கு நாலு சென்டிமீட்டர்போல நம்மைவிட்டு விலகிப் போகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். நாம் பேசாத இந்த ஏழு வருடத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிப் போயிருக்கும்.

நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. "வானத்துல ஊசி விழுந்தாக் கேக்குமாம் இவளுக்கு. கூடப் பொறந்தவன் கூப்பிட்டது கேக்கலையா?" என்றீர்கள். பேச வேண்டாம் என்றதால் பேசவில்லை.

உங்கள்
நாத்தனார்

---

பிப்ரவரி 2

நாத்தனாருக்கு,

பொய் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு அது கிடையாது. உன் அண்ணன் சிகரெட்டை விட்டாயிற்று என்று சத்தியம் செய்துவிட்டு, வாய் நிறையப் புதினா மிட்டாயோடு வந்து நிற்பார். நீ அதைவிட மோசம்.

துறைமுக ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாக நான் நாற்காலியை மட்டும் தேய்க்கவில்லை. தண்ணீர் பட்டதும் தானாகக் கூவுகிற பெட்டி பெரிய கப்பல்களுக்கு. சின்னப் படகுகளுக்கு நாங்கள் பதிவு செய்து கொடுப்பது வேறு. பின்னைப் பிடுங்கி, ஸ்விட்சை அழுத்தித் தள்ளினால்தான் அது வாயைத் திறக்கும். உன் அண்ணன் பெட்டிக்கு எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியதே நான்தான்.

இன்னொன்று. ஆறே நிமிடத்தில் வாயை மூடிய பெட்டி எங்கே கிடக்கிறது என்று மதியம் ஒரு மணிக்கு மேல் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சரியாக மணல்திட்டுக்கே படகு போனதே, யார் வழி சொன்னது? காக்காயா?

கவரின் பின்னால் புது விலாசம் பார்த்தேன். சமையல்காரர் ஏழு வருஷமா என்கிறாரே, அது என்ன கணக்கு? நீ நகரத்தில்தான் இருக்கிறாய் என்று உன் அண்ணன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நிலா ஒரு சாண் நகர்ந்ததற்காக என் போர்டில் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. மேலே எத்தனை ஆயிரம் சாமான்களை அனுப்பி வைத்தாலும் கடலைத் தூக்கி இறக்குகிறது அது ஒன்றுதான். ஒரு நாள் லீவு போட்டதில்லை, ஒரு நாள் பொய் சொன்னதில்லை. நீ எவ்வளவு தூரம் போயிருக்கிறாய் என்று நீயே அளந்துகொள்.

பதிவைச் சரியாகப் பார்த்து எழுது.

அண்ணி

---

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

பொய்தான். மன்னிப்புக் கேட்டு எழுதிய மூன்று கடிதத்தைக் கிழித்துப் போட்டேன், இது நாலாவது.

பதிவை எழுதுவதற்கு முன்னால் விலாசத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் போவதற்கு ஐந்து மாதம் முன்பே நான் இங்கே வந்துவிட்டேன். நானாகக் கேட்டு வாங்கிய மாற்றல். என் வீட்டுக்காரரும் நானும் பிரிந்த வாரமே விண்ணப்பம் கொடுத்தேன். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அவரவர் துணிகளைத் தனித்தனியாக மடித்து வைத்தோம். அவ்வளவுதான். அதை வாய்விட்டு யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலே விட்டுவிட்டேன்.

இது மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. நாலு டிஷ், ஒரு கட்டுப்பாட்டு அறை, ஒரு கேன்டீன், பத்து வீடுகள். மலை நாலு பக்கமும் மறைப்பதால் வெளியுலகத்துச் சத்தம் உள்ளே வராது. செயற்கைக்கோளிலிருந்து வருவது மிக மெல்லிய சத்தம், பக்கத்தில் ஒரு செல்போன் இருந்தால் போதும், கெட்டுவிடும். அதனால் கேட்டில் இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும்போது போனை அணைக்கச் சொல்லி வாங்கிப் பூட்டிவிடுவார்கள். என் பெட்டி பதினேழு. சாயங்காலம் வேலை முடிந்து வெளியே போனால்தான் கையில் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கீழே டவுனுக்குப் போய் அண்ணனைக் கூப்பிடுவேன். "என்ன ஆன்டெனா, மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்பார். சின்ன வயதில் அடுத்த அறையில் பேசுவதெல்லாம் என் காதில் விழும் என்பதால் அவர் வைத்த பெயர் அது. "வெளியே போயிருக்கார்ணா" என்பேன். பொய்யில்லை. "உன் ஆபீஸ்?" "அதே மாதிரிதான்ணா." அதுவும் பொய்யில்லை. இப்படிப் பொய்யில்லாத பதில்களாகவே ஐந்து மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணி, அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. அந்த மாதமே பிரதி எடுத்துவிட்டேன். ஒன்பதாவது கட்டத்தில் ஏழேகால் என்று எழுதிவிடுங்களேன். உங்களை யாரும் எதிர்த்துக் கேட்கப் போவதில்லை. தெரிந்துதான் ஆக வேண்டுமா என்று ஒரு தடவை யோசித்துச் சொல்லுங்கள்.

நாத்தனார்

---

பிப்ரவரி 17

ஏழேகாலுக்கு உன் அண்ணன் உயிரோடு இருந்தார் என்று சொல்ல உன் தயவு எனக்கு எதற்கு? எழுது.

பிரிந்ததை என்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்காதே. திட்டியிருப்பேன். திட்டிவிட்டு பஸ் ஏறி வந்திருப்பேன்.

அண்ணி

---

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

இதைப் பகலில், கட்டுப்பாட்டு அறையின் வெளிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த செயற்கைக்கோள் ஏறி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் முடிக்காவிட்டால் இன்னொரு கடிதமும் குப்பைக்குப் போகும்.

மஞ்சள் பெட்டியின் கூவலை இரண்டு வகைச் செயற்கைக்கோள்கள் கேட்கும். ஒரு வகை வெகு உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கும். அதற்கு எப்போதும் காது திறந்திருக்கும். கூவிய உடனே, யாருடைய பெட்டி என்று சொல்லிவிடும். ஆனால் எங்கிருந்து கூவுகிறது என்று அதற்குத் தெரியாது. புதுப் பெட்டிகள் தாம் இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. அண்ணனுடையது பழையது. இன்னொரு வகை தாழ்வாகச் சுற்றுவது. ரயில் கூவிக்கொண்டு நம்மைத் தாண்டும்போது வரும் சத்தமும் போகும் சத்தமும் வேறாக இருக்குமில்லையா? அதுபோல, பெட்டியைத் தாண்டிப் போகும்போது சத்தம் மாறுவதை வைத்து அது இடத்தைக் கணக்குப் போடும். ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

11:08க்கு உயரத்தில் இருப்பது கேட்டுவிட்டது. தலைநகரத்தில் இருக்கும் மீட்பு மையத்துக்கு அடுத்த நிமிடமே தகவல் போய்விட்டது. அவர்களுக்கு வருவதில் பத்துக்கு ஒன்பது தவறுதலாகக் கூவியவைதான். படகு கழுவும்போது கை பட்டது, குழந்தை விளையாடியது என்று. அதனால் பதிவில் இருக்கும் நபருக்கு முதலில் போன் செய்வார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். உண்மையா, தவறுதலா, படகு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கேட்பார்கள். ஆள் பதில் சொன்னால் இடம் தெரியக் காத்திருக்க வேண்டாம், உடனே படகை அனுப்பலாம்.

11:15க்குக் கூப்பிட்டார்கள். 11:24க்குக் கூப்பிட்டார்கள். 11:41க்குக் கூப்பிட்டார்கள்.

அது என் நம்பர், அண்ணி. அண்ணன் என் நம்பரைக் கொடுத்திருந்தார். ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. நானும் இங்கே வந்துவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. என் போன் அணைந்து பதினேழாம் பெட்டிக்குள் கிடந்தது.

யாரும் எடுக்காததால் தாழ்வாகச் சுற்றுவது வரும்வரை காத்திருந்தார்கள். அது 12:46க்கு மலைக்கு மேல் ஏறியது. டிஷ்ஷை அதன் பக்கம் திருப்பியது நான்தான். மேகப் படம் எடுக்கிற அதே செயற்கைக்கோள்தான் அந்தக் கூவலையும் கேட்டு இறக்குகிறது. படம் என் திரைக்கு வரும். கூவல் வேறொரு கம்ப்யூட்டர் வழியாக, யார் கண்ணிலும் படாமல், நேராக மீட்பு மையத்துக்குப் போய்விடும். அண்ணனின் கூப்பாடு என் கை திருப்பிய டிஷ்ஷில்தான் வந்து விழுந்தது. நான் மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கடல் மேல் அன்று ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. 'தெளிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாலரைக்கு கேட்டுக்குப் போய் போனைத் திறந்தேன். தெரியாத நம்பரிலிருந்து மூன்று அழைப்பு. ஏதோ விளம்பரக்காரர்கள் என்று அழித்துவிட்டேன். அதற்கு அடுத்து உங்கள் மகளின் அழைப்பு வந்தது.

நான் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அமாவாசை முடிந்து இரண்டாம் நாள், நீர் நன்றாக வற்றும், மணல்திட்டு தலை காட்டும், நண்டுக்கூடை எடுக்க அண்ணன் அங்கேதான் போயிருப்பார். அரை நிமிடப் பேச்சு. துறைமுகத்திலிருந்து மணல்திட்டுக்கு ஐம்பது நிமிடம். பன்னிரண்டரைக்குள் படகு போயிருக்கும்.

பெட்டி ஐம்பது விநாடிக்கு ஒரு தடவை கூவும். பதிவில் கடைசிக் கூவல் மதியம் 2:18. கணக்குப்படி இருநூற்று இருபத்தெட்டு தடவை கேட்டிருக்க வேண்டும். இருநூற்றுப் பதினொன்று கேட்டிருக்கிறது. நடுவில் விட்டுப்போன பதினேழும் அலை மேலே போனபோதாக இருக்கும். தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தால்தான் இவ்வளவு ஒழுங்காகக் கேட்கும் என்று இங்கே ஒரு இன்ஜினியர் சொன்னார். யாருடைய பெட்டி என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

உங்கள் ஒன்பதாவது கட்டத்துக்கு விடை 2:18. ஒரு நிமிடமில்லை. மூன்று மணி பத்து நிமிடம்.

ஏழு வருடமாக இதை வைத்துக்கொண்டு உங்களிடம் வராமல் இருந்தேன். நீங்கள் வைத ஒரு வார்த்தைக்காக ரோஷப்பட்டுப் போனவள் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது எனக்கு வசதியாக இருந்தது.

மலைக்குப் பின்னால் ஏற ஆரம்பித்துவிட்டது. போக வேண்டும்.

நாத்தனார்

---

மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். கடிதம் வந்து சேர்ந்ததா என்று மட்டும், ஒரு வெறும் கார்டு போட்டால் போதும். ஒன்றும் எழுத வேண்டாம்.

தபால் வரும் நேரத்தில் நான் கேன்டீன் பக்கம் போகாமல் இருந்து பார்த்தேன். சமையல்காரர் கட்டுப்பாட்டு அறை வாசலுக்கே வந்து, "இன்னைக்கும் இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்கவேயில்லை. என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.

நாத்தனார்

---

ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. வந்த அன்றே படித்தேன். பிறகு அதை எடுக்கவில்லை. எடுக்காமலே வரிவரியாகச் சொல்வேன், அது வேறு.

உன் நம்பர் என்று எனக்குத் தெரியும். எழுதியதே நான்தான்.

அவர் போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு நாள், உன் அண்ணன் கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவும்போது அந்தப் பெட்டியை எங்கேயோ இடித்ததில் பின் கழன்று ஸ்விட்ச் தள்ளிவிட்டது. மீட்பு மையத்திலிருந்து எனக்குப் போன். அப்போது பதிவில் என் நம்பர்தான் இருந்தது. "உங்கள் கணவரின் படகு ஆபத்தில் இருப்பதாகத் தகவல்" என்றான் ஒருவன், செய்தி வாசிப்பதுபோல. நான் செருப்பில்லாமல் படகுத்துறைக்கு ஓடினேன். கத்திக்கொண்டே ஓடியிருக்கிறேன், எனக்குத் தெரியாது. கூட்டம் கூடிவிட்டது. உன் அண்ணன் இடுப்பில் துண்டோடு, கையில் ஹோஸ் பைப்போடு, "என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?" என்று என்னிடமே கேட்டார். துறைமுகம் முழுக்கச் சிரித்தது. வலைக்காரன் ஒருவன் ஒரு மாதம், நான் ஆபீஸுக்குள் நுழையும்போதெல்லாம், "அக்கா, மாமா பத்திரமாத்தான் இருக்கார், மெதுவா நடங்க" என்று சொல்வான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போனை எடுத்த நிமிடம் என் உடம்பிலிருந்து போகவே இல்லை.

வருடத்துக்கு ஒரு தடவை பெட்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த தடவை படிவத்தோடு வந்தார். அவர் எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும் என்று நான்தான் எப்போதும் நிரப்பிக் கொடுப்பேன். நம்பர் கட்டம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

"என் நம்பர் வேண்டாம். இன்னொரு தடவை அப்படி ஒரு போன் வந்தா நான் செத்துருவேன். வேற யாரையாவது போட்டுக்கோங்க."

"யாரைப் போட? கட்டின பொண்டாட்டியே வேண்டாம்னா ஊர்ல எவன் எடுப்பான்?" என்றார். பிறகு தானாகவே முகம் மலர்ந்து, "நம்ம ஆன்டெனாவைப் போட்டா என்ன? செயற்கைக்கோள் ஆபீஸ்லயே இருக்கா. இவனுங்க போன் பண்றதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிரும்!" என்றார். ரொம்பப் பெருமை அவருக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் நம்பரை அடித்துவிட்டு உன் நம்பரை எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். கையெழுத்து மட்டும்தான் அவருடையது.

நீ இருந்த இடத்தில் போனைப் பூட்டி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ கேட்டும் எடுக்கவில்லை என்றுதான் ஏழு வருடமும் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வேண்டியிருந்தது. உன்னை அத்தனை பேர் முன்னால் கேட்டேனே, நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை நீ கேட்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். 'உங்க நம்பரை ஏன் அண்ணி கொடுக்கலை?'

இப்போது நீ 11:08 என்றும் 2:18 என்றும் எழுதியபிறகு அந்த மூன்று மணி பத்து நிமிடம் நான் என்ன செய்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். என் மேசையிலிருந்து போனுக்குப் பன்னிரண்டு எட்டு தூரம். அடுத்த மாதத்து நீர் அட்டவணையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய நீர் இறக்கம் காலை 10:40 என்று போர்டில் எழுதியதும் நான்தான், அதைப் பார்த்துத்தான் அவர் மணல்திட்டுக்குப் போனார். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டேன். வாட்ச்மேன் அவர் மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னார், புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். அவர் என்ன சொன்னார் என்று மறந்துவிட்டது. சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

1:20க்கு மீட்பு மையத்திலிருந்து துறைமுகத்துக்கு வந்த போனை எடுத்ததும் நான்தான். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெட்டி எண் சொன்னான், இடம் சொன்னான். எண்ணை எழுதி முடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பயந்த அதே போன், அதே குரல்கூட. இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். இந்தத் தடவை நான் கத்தவில்லை, ஓடவில்லை. அழகான கையெழுத்தில் முழுவதும் எழுதி, படகு அனுப்புகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிஜிஸ்டரில் இன்னும் இருக்கிறது.

ஒன்பதாவது கட்டத்தில் 2:18 என்று எழுதி நேற்றுக் கொடுத்துவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "நிமிஷம்கூட எப்படிம்மா இவ்வளவு கரெக்டா?" என்றாள். "அவரோட தங்கச்சி எண்ணி வச்சிருந்தா" என்றேன்.

மகளிடம் எதுவும் சொல்லாதே. அவளுக்கு அந்த ஒரு நிமிடம் இருக்கட்டும்.

நீ வருவதாக எழுதுவாய் என்று தெரியும். வராதே. உன் முகம் அப்படியே அவர் ஜாடை, உன்னை எதிரில் உட்கார வைத்துச் சோறு போட இப்போது என்னால் ஆகாது. பிறகு ஆகுமா என்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எழுது. வாரத்துக்கு ஒன்று வேண்டாம். அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று போதும்.

அண்ணி

---

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கேள்வியை நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் அந்தப் போனை இரண்டு தடவை எடுத்திருக்கிறீர்கள். நான் எடுத்ததே இல்லை. அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது.

வரவில்லை. நீங்கள் சொல்லும்வரை வர மாட்டேன்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்தேன். இங்கே கேட்டில் காவலாளியின் அறையில் கம்பி போட்ட பழைய போன் ஒன்று இருக்கிறது. அலுவலகக் காரியத்துக்கு மட்டும்தான். வந்த நாளிலிருந்து அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதன் நம்பரை யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கொடுக்கிற அளவுக்கு யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். மேலதிகாரியிடம் போய், அவசரத்துக்கு வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டேன். "வீட்ல யாரு இருக்காங்க?" என்றார். "அண்ணி" என்றேன். எழுதிக் கொடுத்தார்.

காவலாளியிடம் சொல்லி வைத்தேன். பட்டாளத்தில் இருந்தவர், எதையும் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொள்வார். "யார் கூப்பிட்டாலும் ஓடி வந்து சொல்லணுமா மேடம்? ராங் நம்பர்னா?" என்றார். "ராங் நம்பரா இருந்தாலும் சொல்லுங்க" என்றேன். "சும்மா சாப்பிட்டியான்னு கேட்டா?" "அதுக்கும்." "முழங்கால் வலியோட எட்டு நிமிஷம் ஓடி வந்து, உங்க அண்ணி சாப்பிட்டியான்னு கேக்குறாங்கன்னு சொல்லணும். சரி, எழுதிக்கிட்டேன்" என்றார். உண்மையிலேயே எழுதிக்கொண்டார்.

எட்டு நிமிடம் இல்லை. நான் நடந்து பார்த்தேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்டுக்கு ஆறரை நிமிடம். சரளைக் கல் பாதை, ஓடினால் நாலு. அவர் வருவதையும் சேர்த்தால் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நான் போனை எடுத்துவிடுவேன். செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருந்தாலும் விட்டுவிட்டு வர எனக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். அது ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி சுற்றி வரும்.

நம்பரைத் தனித் தாளில் பெரிதாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கூப்பிட வேண்டும் என்று இல்லை. கூப்பிட்டுவிட்டு, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாலும் பரவாயில்லை. மணி அடித்தது எனக்குப் போதும்.

உங்கள்
நாத்தனார்